சீட்டு கேட்கும் கால்நடை மருந்துக்கடை: மீனாட்சிபுரம் சாலையிலிருந்து ஒரு மதிப்புரை

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் செல்லும் சாலையில், கேரள எல்லைக்குச் சற்று முன்பாக, தீவனக் கடைகளும் தேங்காய்க் களங்களும் அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒரு கால்நடை மருந்துக்கடை இருக்கிறது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே தவிர்க்கிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தராத கடை எது என்று கேட்டால், அந்தச் சாலையில் கறவை மாடு வைத்திருக்கும் எவரும் வழி சொல்லிவிடுவார்கள். பெரும்பாலோர் அதைக் குறையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கடையின் முதல் சிறப்பே அதுதான். அதற்குக் காரணம் மாட்டின் நலமும் பாலின் தரமும் மட்டுமில்லை; எங்கள் தோப்புகளுக்குத் தெற்கே தொடங்கும் ஆனைமலைக் காட்டின் விலங்குகளும் அந்தக் காரணத்தில் சேர்த்தி. மருந்துக்கடையின் மேசைக்கும் காட்டுப்பன்றியின் குடலுக்கும், மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்கள் வழியே, தொடர்பு உண்டு என்பதை விளக்கிவிட்டுத்தான் இந்தக் கடையை மதிப்பிட முடியும் என்பதால், இந்த மதிப்புரை வழக்கத்தைவிடச் சற்று நீளும்.

முதலில் கடை. எங்கள் கறவை மாடு ஒன்றுக்கு மடி வீங்கி, ஒரு காம்பில் பால் திரிந்து கட்டிகட்டியாக வந்தபோது, அக்கம்பக்கத்தார் வழக்கமாகச் சொல்லும் செப்ட்ரியாக்சோன் என்னும் ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்தைக் கேட்டு அங்கே போனேன். உரிமையாளர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. “ஏனுங்கண்ணா, டாக்டர் வந்து பார்த்தாருங்களா? சீட்டு இருந்தாக் கொடுங்க, இல்லீன்னா 1962-க்குக் கூப்பிடுங்க, மாட்டு ஆம்புலன்ஸ் வண்டி வந்துரும்” என்றார். பேசிக்கொண்டே நான்கு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டையும் ஊதா நிறக் கரைசல் பாட்டில் ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார். காம்புக்கு ஒரு குழியாகப் பாலைக் கறந்து, சம அளவு கரைசல் விட்டுத் தட்டை மெல்லச் சுழற்ற வேண்டும். பால் தண்ணீராகவே ஓடினால் அந்தக் காம்பு நலம், கூழாகத் திரண்டால் உள்ளே மடிநோய். கண்ணுக்கு வீக்கமே தெரியாத காம்பிலும் நோய் இருந்தால் இது காட்டிக்கொடுக்கும். எந்தக் காம்பில் நோய் என்று தெரியாமல், தொழுவத்தில் நிற்கும் எல்லா மாட்டுக்கும் “எதற்கும் இருக்கட்டும்” என்று ஊசி போடும் பழக்கம் எங்கள் பகுதியில் பரவலாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் தடுக்க இந்தத் தட்டைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சீட்டோடு மறுபடி போனபோதுதான் அவருடைய பதிவேட்டைப் பார்த்தேன். அட்டை தேய்ந்த நீளமான கணக்கு நோட்டு. எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயர், வாங்குபவர் பெயர், மருந்து, அளவு என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். செப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகள் மருந்துச் சட்ட விதிகளின் எச்1 அட்டவணையில் வருபவை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதியின்படி அவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். விதி எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் அந்த நோட்டு நிரம்பிக் கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்த கடை இது ஒன்றே. மருந்தைக் கட்டிக் கொடுக்கும்போது, எத்தனை நாள் பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதி, என்னை வாய்விட்டுப் படிக்கவும் சொன்னார். மருந்தின் லேபிளில் அந்த நாள் கணக்கு உறுதிசெய்யப்படாதபோது பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது சட்டம். ஊற்றாமல் நிறுத்தும் பாலைக் கன்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை வேறெந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை. மருந்து கலந்த பாலைக் குடிக்கும் கன்றின் குடலில், மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்களே மிஞ்சிப் பெருகும். அதன் சாணம் தோட்டத்துக்குத்தான் வரும்.

இனிக் காட்டு விலங்குகளின் கதைக்கு வருகிறேன். ஆன்டிபயாட்டிக் ஊசியே போடப்படாத விலங்குகளின் உடலில் அந்த மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் எப்படி வந்தன என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. 1999-இல் இங்கிலாந்தின் வட மேற்குப் பகுதியில் காட்டு எலிகளைச் சோதித்தவர்கள், அவற்றின் குடல் பாக்டீரியாக்களில் மருந்தெதிர்ப்பு மிகப் பரவலாக இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இரண்டே ஆண்டுகளில், 2001-இல், பின்லாந்தின் காடுகளில் மூஸ் என்னும் பெரிய மான்களையும் மற்ற மான்களையும் எலிகளையும் சோதித்த வேறொரு குழு, அங்கே எதிர்ப்பு ஏறக்குறைய இல்லை என்று பதில் எழுதியது. இரண்டும் ஒரே இதழில், நேச்சரில், வெளிவந்தவை. பண்ணைகளும் ஊர்களும் நெருங்கிக் கிடக்கும் நாட்டுப்புறத்துக்கும், மனிதர் தடம் குறைந்த காட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பவருக்குத் தெரியும். அதற்கும் முன்பே, 1985-இல், கென்யாவில் மனிதர்கள் கொட்டும் குப்பையைத் தின்று வாழ்ந்த பபூன் குரங்குகளின் குடலில், காட்டு உணவையே தின்ற பபூன்களைவிட எதிர்ப்புள்ள பாக்டீரியாக்கள் அதிகம் என்று கண்டிருந்தார்கள். 2008-இல் உகாண்டாவின் புவிண்டி காட்டில், மனிதர்களோடும் கால்நடைகளோடும் இடம் பகிர்ந்துகொண்ட மலைக் கொரில்லாக்களின் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாக்கள் அந்த மனிதர்களின், மாடுகளின் பாக்டீரியாக்களை மரபணு அளவிலேயே ஒத்திருந்தன. மருந்தெதிர்ப்பும் சேர்ந்தே வந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மருந்தெதிர்ப்பு மரபணு என்பதே மனிதன் உண்டாக்கியது என்று நினைப்பது பிழை. பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று கொல்ல இந்த மருந்துகளை மனிதனுக்குப் பல காலம் முன்பே செய்துவந்தன. ஆகவே எதிர்ப்பும் அதே அளவு பழையது. கனடாவின் உறைமண்ணில் 30,000 ஆண்டு பழைய டி.என்.ஏ-வில் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்ததை 2011-இல் வெளியிட்டார்கள். 2022-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் வளரும் ஒரு பூஞ்சை பென்சிலின் வகை மருந்தைத் தானே சுரக்கிறது. அதே தோலில் வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் பாக்டீரியா, அதைத் தாக்குப்பிடிக்க வேண்டிய நெருக்கடியில், 1800-களின் தொடக்கத்திலேயே, பென்சிலின் வகையைச் சேர்ந்த மெத்திசிலினை எதிர்க்கும் மரபணுவைப் பெற்றிருந்தது. பென்சிலினை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்ததோ 1928-இல்.

ஆகவே ஒரு மயிலிலோ மானிலோ எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யார்மேலும் பழி போட முடியாது. எந்த மரபணு, எவ்வளவு, எதன்மேல் ஏறி வந்தது என்பதே கேள்வி. மண்ணில் அதனிடத்தில் கிடக்கும் பழைய மரபணு ஒரு வகை. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ வளையத்தில் ஏறிக்கொண்டு, ஒரு பாக்டீரியாவிலிருந்து உறவே இல்லாத இன்னொன்றுக்குத் தாவும் மரபணு வேறு வகை. இரண்டாவது வகைதான் மருத்துவமனைகளை மிரட்டுவது. கோலிஸ்டின் என்னும் கடைசிக்கட்ட மருந்தை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு அப்படிப் பிளாஸ்மிட்டில் பயணம் செய்கிறது என்பது 2015-இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. அங்கே பன்றிப் பண்ணைகளில் அந்த மருந்து தாராளமாகப் புழங்கிவந்தது. அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவின் கடற்காகங்களில் அதே மரபணு இருப்பதை எழுதினார்கள். எந்தக் கடற்காகத்துக்கும் யாரும் கோலிஸ்டின் கொடுத்ததில்லை. இந்தியாவில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினை 2019 ஜூலையில் தடைசெய்தார்கள். அந்தத் தடைக்குப் பிறகு தம்மிடம் இருந்த கோழித் தீவனக் கலவைப் பொட்டலங்களை விநியோகஸ்தரிடமே திருப்பி அனுப்பியதாக உரிமையாளர் சொன்னார்.

எங்கள் பகுதியில் இந்த மரபணுக்கள் காட்டுக்குள் போகும் வழி எது என்று தேடி அலைய வேண்டியதில்லை, தோப்புக்குள் நின்றாலே தெரியும். தென்னைக்கு அடியுரமாகக் கறிக்கோழிப் பண்ணைகளின் எருவை லாரி லாரியாக வாங்கிக் கொட்டுகிறோம். கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கில் கணிசமான பகுதி உடலில் சிதையாமல் எச்சத்தோடு வெளியேறிவிடும். எருவில் மருந்தும் இருக்கும், அந்த மருந்தைத் தாண்டி வந்த பாக்டீரியாவும் இருக்கும். விடிந்ததும் மயில்கள் அந்தக் குவியல்மேல் ஏறிக் காலால் கிளறிப் புழு பொறுக்குவதை எங்கள் தோட்டத்தில் அன்றாடம் பார்க்கிறேன்; அதே கால், அதே அலகோடு அவை பக்கத்து ஓடைக் கரைக்குத் தண்ணீர் குடிக்கப் போகின்றன. பண்ணைகளில் செத்த குஞ்சுகளைப் புதைக்கும் குழி ஆழமில்லாமல் போனால், இரவில் காட்டுப்பன்றிகள் முகர்ந்து தோண்டிவிடும். காலையில் குழியைச் சுற்றிக் குளம்புத் தடமும் மூக்கால் உழுத மண்ணும் கிடக்கும். அந்தப் பன்றிகள் விடிவதற்குள் சேத்துமடைப் பக்கத்துக் காட்டுக்குள் போய்விடுகின்றன. மலைக்கு மேலே வால்பாறையில், புதுத்தோட்டம் பகுதிச் சிங்கவால் குரங்குகள் வீடுகளுக்குள்ளும் குப்பைத் தொட்டிகளுக்கும் வந்து பழகிவிட்டன. கென்யாவின் பபூன்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவை அவைதான். தண்ணீரின் வழி இன்னும் நீண்டது. எங்கள் ஓடைகள் சேரும் ஆழியாறு, எல்லையைக் கடந்து சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் கலக்கிறது. இந்தக் கரையில் கழுவிவிடும் தொழுவத்து நீர் மூலத்தறை அணைக்கட்டைத் தாண்டிப் பாலக்காட்டு வயல்களுக்குப் போகிறது.

ஒரு மருந்துக்கடையின் விற்பனை காட்டை மாற்றிவிடுமா என்று ஐயப்படுபவர்களுக்குப் பாறுக் கழுகுகளின் வரலாறு பதில். 1990-களில் தொடங்கி இந்தியாவின் மூன்று வகைப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004-இல் வெளியானது: மாடுகளுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டின் உடல் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் அந்தக் குப்பியின் அளவையும் 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. 2023-இல் வேறு இரு வலிமருந்துகளான கீட்டோபுரோபெனும் அசிகுளோபினாக்கும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. இன்று நம் மாநிலத்தில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். இந்தக் கடையில் மாட்டு வலிக்கு மெலாக்சிகாம் மட்டுமே வைத்திருக்கிறார்கள். அது பாறுகளுக்குத் தீங்கு செய்யாதது. பாறுகளின் சாவை எண்ணிப் பார்க்க முடிந்ததால் அங்கே தடை வந்தது. மருந்தெதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் மயில் சாகாது, நோயாளியாகவும் தெரியாது. அது சுமந்து கொண்டு பறப்பதுதான் சிக்கல்.

கடையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்று, விற்பனைக்கு இல்லாதது. வாசலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் மூடிபோட்ட ஒரு மஞ்சள் டிரம் இருக்கிறது. பாதி தீர்ந்த குப்பி, மடிக்குள் செலுத்தும் டியூப், காலாவதியான மருந்து, ஊசிக் குழல் எல்லாவற்றையும் அதில் போடலாம்; யார் எங்கே வாங்கியது என்று கேட்பதில்லை. மருத்துவக் கழிவு வண்டி வரும்போது பணம் கொடுத்து அனுப்பிவைக்கிறார். எங்கள் ஊர்களில் இந்தக் குப்பிகள் வழக்கமாகப் போய்ச்சேரும் இடம் வாய்க்கால் கரையும் குப்பைமேடும். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய செய்தி வெளியாகி, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் அது திருப்பி அள்ளிச் செல்லப்பட்டபோது, எங்கள் எல்லையிலும் எல்லோருக்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கையாவது நம் தொழுவத்துக் குப்பிகள் பக்கமும் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து.

எல்லைக்கடை என்பதால் அக்கரை வாடிக்கையாளர்களும் வருகிறார்கள். கேரளம் 2018-லேயே மருந்தெதிர்ப்புக்கு மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைத் தேடிச் சோதனையும் நடத்தியது. அங்கே கிடைக்காததை இங்கே வாங்கிவிடலாம் என்று வண்டியில் வந்து இறங்குபவர்களுக்கும் இவர் அதே பதிலை மலையாளத்தில் சொல்வதைக் கேட்டேன். அப்படிப்பட்டவர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய் வாங்கிவிடுகிறார் என்பதும் உண்மை. வியாபாரம் கண்முன்னே கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் விதியைக் காப்பது எளிதில்லை. வாடிக்கையாளர்களாகிய நாம் அதற்குத் துணை நிற்காவிட்டால் இந்தக் கடையும் ஒருநாள் தளர்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

குறைகளும் உண்டு. விலையில் தள்ளுபடியே கிடையாது. மடிநோய்ச் சோதனைக் கரைசல் பெரிய பாட்டிலில் மட்டும் வருவதால், இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு. சுவரில் ஒட்டியிருக்கும் மூலிகை மருந்துக் குறிப்பு, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் வகுத்து, தேசியப் பால்வள வாரியமும் பரப்புவது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் நாளுக்குப் பலமுறை பூசுவது. நல்ல குறிப்பு, எங்கள் மாட்டுக்குத் தொடக்க நிலையிலேயே மருத்துவர் இதையும் சேர்த்துச் செய்யச் சொன்னார். ஆனால் எழுத்து மங்கி, அளவுகள் படிக்க முடியாமல் இருக்கின்றன. வயதானவர்கள் சுண்ணாம்பின் அளவைத் தவறாகப் படித்துவிட்டால் மடித்தோல் வெந்துபோகும். புதிதாக ஒரு தாள் ஒட்டச் சொல்லியும் இன்னும் ஒட்டவில்லை.

பெரிய குறை கடையின் கையில் இல்லை. இப்பகுதிக் கறிக்கோழிப் பண்ணைகளில் மிகுதியானவை ஒப்பந்தப் பண்ணைகள். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தின் வண்டியிலேயே வந்து இறங்கிவிடும். அந்த மருந்து எந்தக் கடைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனவே கோழிப் பண்ணையாளர்கள் இந்தக் கடைக்குப் போவதால் மட்டும் எருவின் தன்மை மாறிவிடாது. அவர்களுக்கு இங்கே கிடைப்பது ஒரு யோசனை: எருவை இறக்கியவுடன் தென்னையடியில் பரப்பாமல், ஈரம் தெளித்துக் குவித்துத் தார்ப்பாய் மூடி, உள்சூடு ஏறி இறங்கும்வரை, நடுநடுவே கிளறிவிட்டு, மக்கவிடுவது. 55 டிகிரிக்கு மேல் சூடேறும் குவியலில் எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களும் மருந்தின் எச்சமும் பெருமளவு குறையும்; மரபணுக்கள் முழுதும் அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. தார்ப்பாய் மூடியதால் எங்கள் தோப்பில் மயில்கள் குவியல்மேல் ஏறுவது நின்றுவிட்டது. இந்த யோசனைக்குக் கடைக்காரருக்கு ஒரு பைசா வரவில்லை. தார்ப்பாய் விற்பது அடுத்த கடை.

கறவை மாடும் ஆடும் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். போகும்போது மருத்துவரின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். தொழுவத்து மாடத்தில் சேர்ந்து கிடக்கும் பழைய குப்பிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடை பூட்டியிருக்கும், ஞாயிறு மாலையும் திறப்பதில்லை. மஞ்சள் டிரம்மையாவது வாசலுக்கு வெளியே, கூரைக்குக் கீழே, பூட்டுப் போட்டு வைத்தால், கடை மூடியிருக்கும் நேரத்தில் வருபவர்கள் குப்பிகளைத் திரும்ப எடுத்துப் போய் வழியில் வீசாமல் இருப்பார்கள் என்று உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். வைத்தால் அந்த ஐந்தாவது மதிப்பெண்ணையும் தந்துவிடுவேன்.